எங்கிருந்தோ வரும் கதிரும் நீ படித்த பேப்பரும்

ஊருக்கே பேப்பர் படித்துக்காட்டிய என் அருமை மச்சானே,

நான்தான் எழுதுகிறேன், நம்பு. என் மகள் செல்வி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒரு வரி முடிந்ததும் சந்தோஷம் தாங்காமல் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன்.

செல்வி வயிற்றில் இருந்தபோது சூரிய கிரகணம் வந்தது. ஆடு கத்துகிறதே என்று உன் தங்கை அஞ்சலை வெளியே போய் அதை அவிழ்த்துக் கட்டினாள். பிள்ளை வளைந்த காலோடு பிறந்தது. படாளத்திலிருந்து பேப்பரும் கையுமாக வந்தாய்.

"பேப்பர்லயே போட்டுகீறான் மச்சான். கிரகணத்துல மேலேர்ந்து கதிரு எறங்குமாம். இவ போயி நின்னுகினா புள்ள காலு இன்னா ஆவும்?"

அச்சில் வந்ததாயிற்றே என்று அப்படியே நம்பினேன். அந்தத் தாளைப் பெட்டியில் பத்திரப்படுத்தினேன். நாற்பது வருடமாக அஞ்சலை செல்வியின் காலை நேராகப் பார்த்ததில்லை.

போன வாரம் நானே பேப்பரில் கதிரைப் பற்றிப் படித்தேன். நம் பால்வெளிக்கும் அப்பாலிருந்து சில கதிர்கள் வருகின்றனவாம். கண்ணுக்குத் தெரியாத ஒரே துகளில், ஓங்கி எறிந்த பந்தின் வலு. அவற்றைப் பிடிக்க வெட்டவெளியில் தண்ணீர்த் தொட்டிகளை வரிசையாக வைத்துக் காத்திருக்கிறார்கள். வழியில் காந்தப்புலம் வளைத்துவிடுவதால், புறப்பட்ட இடம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லையாம். அவ்வளவு படித்தவர்கள் 'தெரியவில்லை' என்கிறார்கள். உன் வாயில் அந்தச் சொல் ஒருநாளாவது வந்ததுண்டா? இன்னொன்றும் போட்டிருந்தது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதுவதால் சிதறும் துகள்கள், கிரகணம் பார்க்காமல், கூரையையும் துளைத்து எந்நேரமும் எல்லார் மேலும் இறங்குகின்றன.

உடனே பெட்டியைத் திறந்து உன் தாளை எழுத்துக்கூட்டினேன். 'திருப்போரூர் அருகே வீட்டுமனை விற்பனை.' அவ்வளவுதான். கதிரும் இல்லை, கிரகணமும் இல்லை.

உனக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் நீ அயோக்கியன். தெரியாதென்றால் கூடப்பிறந்தவள் தலையில் பழியைப் போட்ட கோமாளி. உன்னை நம்பிய நான் அதைவிடக் கேவலம்.

அஞ்சலைக்கு இரண்டு பேப்பரையும் படித்துக்காட்டினேன். அவள் செல்வியின் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் மனை விக்கிற நோட்டீஸ வச்சிகினாய்யா என்ன அழவுட்டான்?" என்றாள்.

அடுத்த சூரிய கிரகணத்தன்று அவளை மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப்போய் நடுமணலில் நிறுத்துவேன். "கண்ணுக்குப் போட்ற கண்ணாடிய மறந்துடாத" என்று இப்போதே சொல்லிவிட்டாள். இது சத்தியம். இதையும் அச்சில் வந்ததாகவே வைத்துக்கொள்.

கைநாட்டு வைக்காமல் பேரெழுதும்,
உன் தங்கை புருஷன்
முனுசாமி