படத்தில் இருந்த இரண்டாவது கிளாஸ்

என் அன்பு மச்சானுக்கு,

ஸலாம். கீழக்கரையில் எல்லாரும் நலம். சின்னவளுக்கு நிக்காஹ் முடிந்துவிட்டது, மாப்பிள்ளை தங்கமான பையன். நல்ல சேதி இவ்வளவுதான். இனி நம் சண்டைக்கு வருகிறேன். மவுத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று வருசம் ஆகிவிட்டதே, இனி இவள் கேட்கமாட்டாள் என்று நினைத்தீர்களா?

துருக்கியிலிருந்து நீங்கள் அனுப்பிய அந்த ஃபோட்டோதான். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தபோது ஒரு லீவு நாளில் எடுத்தது. பின்னால் இடிந்துபோன பழங்காலத் தூண்கள், அதற்கும் பின்னால் மத்தியதரைக் கடல். முன்னால் ஒரு கல்லில் நீங்கள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் இரண்டு டீ கிளாஸ். ஆள் ஒன்று, கிளாஸ் இரண்டு.

ஊருக்கு வந்தபோது கேட்டேன். "உனக்குத்தான் புள்ள" என்று அதே சிரிப்பு. மாட்டிக்கொண்ட எந்த ஆம்பளைதான் வேறு மாதிரி சொல்வான்? என் உம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைக்கு வாங்குன டீன்னா அவனும் படத்துல நிண்டிருப்பான்ல? ஏன் ஒளியிறான்?" என்றார்கள். அத்தோடு என் தூக்கம் போனது.

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவள் நான். உங்கள் சிரிப்பை மட்டும் எப்படி நம்புவேன்? நீங்கள் போன பிறகு இத்தாவில் வெளியே போகாமல் இருந்த நாலு மாசம் பத்து நாளும் அந்தப் படம் தலையணைக்குக் கீழேதான் கிடந்தது. அழுகைக்கு நடுவே சந்தேகம் வந்தால் ஒழுங்காக அழக்கூட முடிவதில்லை, மச்சான்.

நம் பெரியவள் நஸ்ரின் இப்போது அதே துருக்கியில் குடியிருக்கிறாள், மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. போன மாதம் என்னைக் கூப்பிட்டாள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு, ஃபோட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். தீர விசாரிப்பதே மெய் என்று சும்மாவா சொன்னார்கள்?

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே அந்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். கடலைப் பார்த்தபடி கல் படிக்கட்டுகளாக ஒரு பெரிய அரங்கம், தலை போன தூண்கள், எங்கு பார்த்தாலும் பூனைகள். "ரெண்டாயிரம் வருசப் பழசு, உம்மா" என்றாள் நஸ்ரின். எங்கிருந்தோ வந்த சங்கைத் தனுஷ்கோடியில் எடுத்தது என்று விற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சிமெண்டா என்று ஒரு தூணை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். காவலாளி விசிலடித்தான்.

நீங்கள் உட்கார்ந்த கல்லைக் கண்டுபிடித்தோம். பக்கத்துத் தூணுக்குப் பின்னால் ஒரு பொம்பளை ஒளிய இடமிருக்கிறதா என்று போய் நின்று பார்த்தேன். தாராளமாக இருந்தது.

வாசலருகே அத்திமரத்தடியில் ஒரு டீக்கடை. வயசான கடைக்காரரிடம் நஸ்ரின் படத்தைக் காட்டினாள். அவர் உற்றுப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார், வெகுநேரம் பேசினார். இவள் கண் கலங்கிவிட்டது.

"வாப்பா ஞாயித்துக்கிழமை தவறாம இங்கன வருவாகளாம். தனியாத்தான் வருவாகளாம். ஆனா ரெண்டு டீ கேப்பாகளாம். ஒண்ணு ஊர்ல இருக்க பொஞ்சாதிக்குன்னு சொல்வாகளாம்."

"அவர் அம்புட்டு நேரம் பேசுனாரு, நீ நாலு வார்த்தையில முடிச்சிட்டியே. மிச்சத்தை எங்க முழுங்குன?"

"அல்லாவே! என்னையுமா உம்மா சந்தேகப்படுறீக?"

ஆமாம், சந்தேகப்பட்டேன். வாப்பாவை விட்டுக்கொடுக்காத பிள்ளை ஆயிற்றே அவள்.

எங்கள் சண்டையைப் பார்த்த கடைக்காரர் உள்ளே போய் ஒரு தட்டில் இரண்டு கிளாஸ் கொண்டுவந்தார். ஒன்றைச் சர்க்கரை போடாமல் காலி நாற்காலிக்கு முன் வைத்தார். மற்றதை என் முன் வைத்து, டப்பாவிலிருந்து சர்க்கரைக் கட்டிகளை எடுத்துப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு ஃபோட்டோவில் உங்களைத் தொட்டுக் காட்டி, நாலு விரலை நீட்டிச் சிரித்தார். இதில் நஸ்ரின் மொழிபெயர்க்க ஒரு வார்த்தையும் இல்லை.

டாக்டர் தடுக்கும்வரை நான் குடித்த டீ அது. எறும்புகூட யோசித்துத்தான் குடிக்கும் என்று நீங்கள் கேலி செய்த டீ. இந்த உலகத்தில் வேறு எவள் அப்படிக் குடிப்பாள்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து தங்குவது நம் ஊர் வழக்கம். முன்கட்டில் உங்களுக்கு மட்டும் டீ வரும். நீங்கள் குடித்து முடிக்கும்வரை நான் கதவோரம் நிற்பேன், பிறகு அடுப்படியில் என்னுடையதைக் குடிப்பேன். உம்மாவும் கூடப்பிறந்த லாத்தாவும் பார்க்க மாப்பிள்ளை பக்கத்தில் உட்காருவதா? ஒரே ஒரு தடவை, "நீயும் உக்காரு புள்ள" என்றீர்கள். "வெக்கங்கெட்ட பேச்சு" என்று உள்ளே போய்விட்டேன். அப்புறம் நீங்கள் கேட்கவே இல்லை.

நாம் ஒரு டீகூடச் சேர்ந்து குடித்ததில்லை, மச்சான். பிறகு அந்தக் கிளாஸ் பொஞ்சாதிக்கு என்று எனக்கோ உம்மாவுக்கோ எப்படித் தோன்றும்? நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள். நான்தான் நம்பவில்லை. என்னை மன்னியுங்கள்.

டாக்டரை மறந்து அந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். உங்கள் கிளாஸ் எதிரே ஆறிப்போய் இருந்தது. அந்த ஊர்ப் பூனைகள் எல்லாம் பார்க்க அழுதேன். படத்தை எடுத்தது யார் என்றும் மறக்காமல் கேட்டேன். தான்தான் என்றார் கடைக்காரர். போகட்டும், நம்பிவிட்டேன்.

நேற்று சின்னவள் தன் மாப்பிள்ளைக்கு முன்கட்டில் டீ வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள். "இன்னொரு கிளாஸ் எடுத்துட்டுப் போயி நீயும் அங்கன உக்காரு" என்றேன். இதில் என்ன சூது இருக்கிறதோ என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் மகள்தானே! ஆனால் போய் உட்கார்ந்தாள்.

நான் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டு முன்கட்டுக்கு ஒற்றைக் கிளாஸ் போகாது. இதை நீங்கள் நம்பலாம்.

உங்கள் பொஞ்சாதி,
நஸ்ரின் உம்மா