உன் பெயரிலுள்ள கோப்பையும் உள்ளே மாற்றிய கியரும்

என் தேவா மச்சான்,

நீ போனபின் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நல்ல செய்தி ஏதாவது சேரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சேரவில்லை. இப்போது அருவருப்பை அடக்க முடியவில்லை. உன்னை விட்டால் இதை நான் யாரிடம் கொட்டுவது?

உன் சனிக்கிழமைகள் எங்கே போயின என்று எங்கள் சனத்துக்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஆகவே உன்னோடு கதைக்கும்போதே அவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிட்னியிலிருந்து மலை தாண்டிப் போனால் ஒரு ஊர்க் கண்காட்சி மைதானம். அங்கே டீசல் பிக்அப்பின் பின்னால் இரும்புப் பாரவண்டி ஒன்றைக் கொழுவி இழுக்கவிடுவார்கள். இழுக்க இழுக்க, வண்டிமேல் இருக்கும் பாரம் முன்பக்கம் நகர்ந்து வந்து அழுத்தும். கடைசியில் அநேகமாக எந்த வாகனமும் மூச்சு முட்டி நிற்கும். கூடத் தூரம் இழுத்தவருக்கு வெற்றி. நீ கோயிலுக்கு வராத நாட்களில் வென்ட்வேர்த்வில் கடையில் யாராவது கேட்டால், "அவர் இழுக்கப் போயிட்டார்" என்று உன் மனைவி மாலினி சொல்வாள். கேட்டவர்கள் சுருட்டோ கஞ்சாவோ என்று நினைத்திருப்பார்கள்.

நீ ஓடிய பிரிவு, வேலைக்கு ஓட்டிப்போகும் வாகனங்களுக்கானது. அதன் சட்டத்தை எழுதவைத்தவனே நீதான். கியர்பெட்டியும், அதற்குப் பின்னால் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் நாற்சில்லுப் பெட்டியும், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும். போட்டியை நடத்தும் கழகத்தின் கூட்டத்துக்குக் கூட்டம் போய் நீ வாதாடினாய். உன் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தவர்களும் கடைசியில் கை உயர்த்தினார்கள்.

ஏன் அந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் உன்னைக் கேட்டேன். அந்த நாற்சில்லுப் பெட்டியை 'லோ'வில் போட்டால் பலம் இருக்கும், ஆனால் சில்லு வேகமாகச் சுழலாது. 'ஹை'யில் போட்டால் வேகம் இருக்கும், புறப்படும்போதே எஞ்சின் திணறும். இழுக்கத் தொடங்கிய பிறகு மாற்ற வழியில்லை. மண்ணைப் பார்த்து, ஈரத்தைப் பார்த்து, முன்னதாகவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளவேண்டும். "உந்த முடிவை எடுக்கிறதுதான் விளையாட்டு, மச்சான். மிச்சமெல்லாம் புகையும் சத்தமும்" என்றாய். எத்தனையோ தரம் பிழையான முடிவை எடுத்துத் தோற்றாய். சிரித்துக்கொண்டே பாணும் சொசேஜும் வாங்கித் தந்தாய். ஒருதரமும் நீ வெல்லவில்லை.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன பிறகு அந்தப் பிரிவின் கோப்பைக்குக் கழகம் உன் பெயரை வைத்தது. வாகனங்களைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. உன் பிக்அப்பை மாலினி உன் தம்பி கரனிடம் கொடுத்தாள். அது வீட்டு வாசலில் நின்று துருப்பிடிப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

இந்த வருடம் கரன் அதை ஓட்டினான். கயிற்று வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 'லோ'வில்தான் புறப்பட்டான். ஆனால் மச்சான், பாதித் தூரம் தாண்டியபோது சில்லுகள் சுழன்ற வேகம் 'லோ'வுக்கு உரியதல்ல. எஞ்சின் ஒரு கணக்குச் சொன்னது, தெறித்த மண் வேறு கணக்குச் சொன்னது. முழுத் தூரமும் இழுத்துவிட்டான். சனம் எழுந்து நின்று கை தட்டியது. நான் சோதனைக் கொட்டகைக்கு நடந்தேன்.

இரண்டாவதாக வந்தவள் டானா. உனக்குத் தெரியும், மாட்டுப் பண்ணைக்காரி. காலையில் வைக்கோல் ஏற்றிய அதே வாகனத்தைக் கழுவாமல் கொண்டுவருபவள். ஒரு வாகன நீளத்தால் தோற்றாள்.

வென்ற வாகனத்தைச் சோதிக்காமல் முடிவு அறிவிக்கக்கூடாது என்பதும் நீ எழுதவைத்ததுதான். கொட்டகைக்குள் கொண்டுவரச் சொன்னேன். "அண்ணை, எங்கட வாகனம்தானே" என்று கரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. தாங்கிகளில் ஏற்றி, கியரை, சுற்றுக்குச் சுற்று அப்படியே கடத்தும் நேர்க்கியரில் போட்டு, பெட்டியை 'லோ'வில் போட்டு, எஞ்சினைக் கம்பியால் கையாலே திருப்பினேன். பின்சில்லுக்குப் போகும் தண்டு ஒரு சுற்று வருவதற்கு எஞ்சின் இரண்டே முக்கால் சுற்றாவது சுற்றவேண்டும். இரண்டிலேயே வந்துவிட்டது. வெளிக்கோது தொழிற்சாலையுடையது. உள்ளே பற்சக்கரம் வேறு. 'லோ'வுக்கும் 'ஹை'க்கும் நடுவே ஒன்றைச் செய்வித்துப் போட்டிருந்தான். எந்த முடிவுக்காக நீ அந்தப் பாடு பட்டாயோ, அந்த முடிவே தேவைப்படாதபடி.

கரன் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. "அண்ணாவுக்காகத்தான் செய்தனான். அவர் ஒருநாளும் வெல்லேல்லை. அவரின்ரை பேரிலை இருக்கிற கோப்பை ஒருக்காலாவது அவரின்ரை வாகனத்துக்கு வரட்டும் எண்டு நினைச்சன். இதிலை என்ன பிழை?" என்றான். கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே அழுதான், தேவா. களவும் செய்து கண்ணீரும் விடும் ஒருவனை என்ன செய்வது? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

கழகத் தலைவர் கிறெக்கிடம் போனேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என் தோளில் கை போட்டு, இறந்தவரின் வாகனம் இறந்தவரின் கோப்பையை வெல்கிறது, இதைவிட அழகான கதை எங்கே கிடைக்கும் என்றார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்துவிட்டாராம். எழுத்தில் யாரும் முறைப்பாடு செய்யவில்லையாம். "நல்ல நாளைக் கெடுக்காதே, மேட்" என்றார். அந்தக் கை என் தோளிலிருந்து எடுபட்ட பிறகும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அன்றிரவு தோளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

மாலினி கோப்பை கொடுப்பதற்காக நல்ல சேலை உடுத்து வந்திருந்தாள். அவளை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். முகம் வெளிறிப்போயிற்று.

"அண்ணை, இண்டைக்கு ஒருநாளாவது நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாமே" என்றாள்.

அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. மேடையில் ஏறிக் கரனிடம் கோப்பையைக் கொடுத்தாள். ஒலிபெருக்கியில் உன் பெயரைப் பிழையாகச் சொன்னார்கள். டானா இரண்டாம் இடத்துக்கான நாடாவை வாங்கிச் சட்டைப்பையில் திணித்துவிட்டு வைக்கோல் வாகனத்தில் ஏறிப் போனாள்.

அடுத்த நாள் கெல்லிவில்லில் கரன் வீட்டில் விருந்து. மாலினிக்காகப் போனேன். உன் படத்துக்கு மாலை, அதன் முன்னால் கோப்பை, பக்கத்தில் கொத்துரொட்டித் தட்டுகள். ஒருவர் எழும்பி அண்ணனின் கனவைத் தம்பி நிறைவேற்றியதாகப் பேசினார். கார்ச் சில்லு மாற்றத் தெரியாதவர்கள் எல்லாம் உன் கனவைப் பற்றிப் பேசினார்கள். உனக்கு அப்படி ஒரு கனவு இருந்ததா, மச்சான்? என்னிடம் சொன்னதில்லை. ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. வாசலில் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது குசினி யன்னலால் மாலினி என்னைப் பார்த்தபடி நின்றது தெரிந்தது.

பிறகு ஒரு ஞாயிறு காலை டூங்கபியில் என் வீட்டு மணி அடித்தது. மாலினி, கையில் ஒரு சொப்பிங் பை. உள்ளே கோப்பை. கரனிடம் கேட்டு வாங்கினாளா, கேளாமலே எடுத்தாளா என்று நான் விசாரிக்கவில்லை.

"அந்தப் பிள்ளையின்ரை பண்ணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அண்ணை" என்றாள். காரில் ஏறிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள். "அவர் வாகனத்தைவிட்டு இறங்கி, தோத்துப்போனன் எண்டு சிரிச்சுக்கொண்டு வருவார். எனக்கு அந்த மனிசன் போதும். இவையள் அவரை வேறை ஆளா ஆக்குகினம்."

மலையேறும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

டானா தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாலினி தன் ஆங்கிலத்தில், இது உங்களுடையது, என் கணவரின் சட்டப்படி நீங்கள்தான் வென்றீர்கள் என்றாள். டானா தண்ணீர்க் குழாயை நிறுத்தவில்லை. போட்டியன்று எஞ்சின் சத்தத்திலேயே தனக்கு விளங்கியது என்றாள். அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்காதபோது தன் வாயும் மூடியே இருந்ததாம், செத்தவரின் வீட்டுக்காரரோடு சண்டை பிடிப்பவள் என்ற பெயர் வேண்டாம் என்று. கழகம் அறிவிக்காத கோப்பையை வாங்கமாட்டேன் என்றும் சொன்னாள்.

மாலினி கெஞ்சவில்லை. "அப்ப அறிவிக்கச் சொல்லிக் கேப்பம்" என்று தமிழில் என்னிடம் சொன்னாள். பிறகு அதையே ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னாள். டானா குழாயை மூடினாள். மாட்டுத்தொழுவ நாற்றத்துக்குள் நின்று கழகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதி, மூன்று பேரும் அதில் கையெழுத்து வைத்தோம். உன் மனைவியின் பெயர்தான் முதலில்.

கிறெக் இன்னும் பதில் போடவில்லை. கழகத்தின் இணையப் பக்கத்தில் கரன்தான் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறான். தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். உன் சொந்தக்காரர் இரண்டு பேர், நான் பொறாமையில் செய்கிறேன் என்று சொல்லித் திரிகிறார்களாம். மாலினி வீட்டுக்கு வருவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். கோப்பை இப்போது என் மேசையில், பையோடு இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாமல்.

மச்சான், விட்டுவிட்டுப் போ என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். போகமாட்டேன். அடுத்த போட்டியிலும் அந்தக் கொட்டகையில் நான் நிற்பேன். வருகிற ஒவ்வொரு பெட்டியையும் கையாலே திருப்பிப் பார்ப்பேன், உன் பிக்அப் வந்தால் அதைத்தான் முதலில். என்னை நீக்கினால் கயிற்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காதால் பார்ப்பேன். உன்னை ஒரு பொய்யால் வெல்லவைக்க ஒருவரையும் விடமாட்டேன். நீ தோற்றவனாகவே இரு. எங்களுக்கு அது போதும்.

பெண் கொடுத்து எடுக்காத உன் மச்சான்,
குகன்
டூங்கபி