நவகிரகங்களின் முதல் ஆட்டங்கள்

நவம்பர் 8, சனி

நாட்டு மக்களுக்கு ஒரு துயரச் செய்தி. என் இடது கால் சாக்ஸ், கட்டைவிரல் பகுதியில் ஏற்பட்ட பெருங்காயத்தால் இன்று காலை காலமானது. பெருங்காயம் என்பதால் வாசனையும் உண்டு. வலது சாக்ஸ் தனிமையில். அம்மா இரங்கல் தெரிவிக்கவில்லை. "ஊசி அந்தா இருக்கு, தைச்சுக்கோ."

வெயில். நவம்பர் மாதிரியே இல்லை. நாளை சீசனின் முதல் ஆட்டம், மாட்டுங்கா மைதானம். கிரிக்கெட் இல்லை, பேஸ்பால்.

நாங்கள் தொழில்முறை அணி. ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு வடா பாவ் சம்பளம். அணிக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் உண்டு. நான் வைத்த பெயர் நவகிரகம். ஒன்பது பேர், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் நிற்போம். நான் பெஞ்சில் உட்காரும் பத்தாவது கிரகம். இந்த சீசனில் எப்படியாவது ஒன்பதுக்குள் வந்துவிட வேண்டும். வேறு ஆசை இல்லை. (புது சாக்ஸ் தவிர.)

கோச் டேவிட் அண்ணன், இனி டே.அ., சாயங்காலம் எல்லோரையும் நிற்க வைத்து உத்தரவு போட்டார். "இந்த வருசம் எவனாவது கிரவுண்டுல கிரிக்கெட் புத்தியக் காட்டுனான்னா சீசன் முச்சூடும் பெஞ்சுதாம்ல. சமஜ்லோ, புரிஞ்சுக்கோங்க."

நியாயம்தான். எங்கள் வீர வரலாறு அப்படி. சீசன் முதல் ஆட்டங்கள் மட்டும்:

முதல் வருடம். டே.அ.வே பேட் பிடித்தார். பந்தை அழகாகப் பின்பக்கம் தட்டிவிட்டார். ஃபோர் என்று மொத்த அணியும் ஆடியது. பேஸ்பாலில் பின்னால் போனால் ஃபவுல், செல்லாது. அம்பயர் நாங்கள் ஆடி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

இரண்டாம் வருடம். எங்கள் பிட்சர் பந்து வீச இரண்டாவது பேஸிலிருந்து ஓடி வந்தான். வேகப்பந்து. (பேஸ்பாலில் நின்ற இடத்திலிருந்தே வீச வேண்டும்.) அம்பயர் விசில் ஊதவும் மறந்துவிட்டார்.

போன வருடம். என் பக்கத்து வீட்டு செல்வா. அடித்தான், பேட்டோடு ஓடினான், பேட்டை நீட்டி முதல் பேஸைத் தொட்டான். கால் இன்னும் வழியில். பேட் சேஃப், செல்வா அவுட்.

ஆகவே இன்று அவன் பேட்டில் ரகசியமாக, அவனுக்குப் படிக்கத் தெரிந்த இந்தியில், ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்: "தயவுசெய்து என்னை இங்கேயே விட்டுச் செல்லவும். இப்படிக்கு, பேட்."

நவம்பர் 9, ஞாயிறு

தோல்வி. நான் பெஞ்சு. பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது, அணியிலேயே நன்றாக ஆடியது அதுதான். செல்வா ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு என் வாட்டர் பாட்டிலை என் தலையிலேயே கவிழ்த்தான். ஆனால் பேட்டைப் போட்டுவிட்டு ஒழுங்காக ஓடினான். என் பங்களிப்பு என்று டே.அ.விடம் சொன்னேன். "வாய மூடுல."

வடா பாவில் சட்னி இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெற்றி! அவசரத்தில் எழுத்து கோணல். (எப்போதும் கோணல்தான்.)

செம்பூர் அணியோடு. சுனாபட்டி வரை நடை, அப்புறம் ஹார்பர் லைன் ரயில். ஒருத்தனுக்குக் காய்ச்சல், பத்தாவது கிரகத்துக்கு அழைப்பு. போகும்போது அம்மா: "ராத்திரி ஒழுங்கா வீடு வந்து சேர மாட்டேங்கான், அங்க போயி ஹோமுக்கு ஓடுதானாம்."

கடைசி இன்னிங்ஸ். ஸ்கோர் சமம், இரண்டு பேர் அவுட். நான் மூன்றாவது பேஸில். அங்கிருந்து ஹோம் போய்ச் சேர்ந்தால் ஒரு ரன், வெற்றி. பேட்டிங் செல்வா. பிட்சர் வீசினான், பந்து வெளியே போனது. கேட்சர் பிடித்து அவனுக்கே திருப்பிப் போட்டான்.

அப்போதுதான் நான் பேஸை விட்டு நடந்தேன். ஓடவில்லை. நடந்தேன். பால் வாங்கப் போகிறவன் மாதிரி, நேராக ஹோமை நோக்கி. பிட்சர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவன் ஆட்கள் எல்லோரும், "ஃபேங்க் நா! அரே ஃபேங்க்!" என்று எறியச் சொல்லிக் கத்தினார்கள். அவன் பதறி எறிந்தான். கேட்சர் தலைக்கு மேல் போனது. அப்புறம்தான் ஓடினேன். சேஃப்!

டே.அ. என்னைத் தூக்கிவிட்டார். "என்ன தைரியம்ல ஒனக்கு! பந்து அவன் கையில இருக்கு, நீ பஜாருக்குப் போற மாதிரி வாரே!"

"வியூகம்ணே. போன வாரம் பெஞ்சுல இருந்தே யோசிச்சு வச்சேன்."

இரண்டு வடா பாவ். சட்னியோடு.

நவம்பர் 17, திங்கள்

காலேஜ், டீக்கடை, தண்ணீர் டேங்கர் வரிசை, எல்லா இடத்திலும் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் மெதுவாக நடக்கிறேன். டேங்கர் வரிசையில் சொன்னபோது நடுவில் நின்று கொட்டாவியும் விட்டேன். வியூகத்துக்குப் பெயர் "நடைபாதைத் திருட்டு". (பந்தை அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடுவதை பேஸ்பாலில் திருட்டு என்றுதான் சொல்வார்கள்.)

டே.அ. போன்: "இனி நீ நிரந்தரமா ஒம்பதுல ஒருத்தன். ஞாயித்துக்கெழம முன்னாலயே வந்து, எப்ப நடக்கணும்னு எல்லாருக்கும் சொல்லிக் குடு."

எப்ப நடக்கணும். ம்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் லேசான தூறல். சாக்ஸ் தைத்தாயிற்று. செல்வா மாடிப்படியில் மடக்கினான்.

"ஒண்ணு கேக்கணும்ல. நடந்து வரும்போது கைய மடக்கி எனக்கு நேரா நீட்டிட்டே வந்தியே. அது எதுக்கு?"

"பிட்சரக் குழப்ப."

"பிட்சர நீ பாக்கவே இல்லியே. என்னத்தான பாத்து வந்தே. சிரிச்சுட்டு வேற வந்தே."

"தொழில் ரகசியம்டா."

"டேவிட் அண்ணன்ட்ட சொல்ல மாட்டம்ல."

"சல் சல், டைம் ஆச்சு" என்று தப்பித்து வந்துவிட்டேன்.

அணியில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் இங்கே எழுதலாம். வியூகம் எல்லாம் இல்லை. பிட்சர் வீசிய பந்துகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன், பழக்கதோஷம். ஆறு ஆனது. ஓவர் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். செல்வாவோடு கையை முட்டிவிட்டு, "அவசரப்படாத, நின்னு ஆடு" என்று சொல்லத்தான் போனேன்.