மணல்கோழி முட்டையும் உன் அப்பாவும்

என் கண்ணே நெஸ்டா, அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், உன் அப்பாவும்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் தீவிலிருந்து யாராவது போனில் எதையாவது உளறி, நீ ஆஸ்திரேலியாவில் அழுதுகொண்டு உட்காரக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொன்னாலும் சொன்னாய், இந்த மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக்கு மணல்கோழி முட்டை வேண்டும் என்று விடிந்ததும் நம் மணல்காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். அந்தக் கோழிகளும் இப்போது முட்டையை மேலாகப் புதைப்பதில்லை. கருத்த உடம்பும் சிவந்த மொட்டை நெற்றியுமாகக் காட்டிலிருந்து கூட்டமாக இறங்கி, தடிக்காலால் மணலை எத்தி எத்தி, கை எட்டாத ஆழத்தில் எரிமலைச் சூடு ஏறின இடமாகப் பார்த்து முட்டையை வைத்து மூடிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகின்றன. குஞ்சு தானாகவே மேலே முட்டி வந்து அன்றைக்கே பறந்துவிடும். என்ன தாயோ! உன் அப்பாவால் அப்படி இருக்க முடிகிறதா?

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போயிருந்தேன், இடுப்புவரை தலைகீழாகக் குழிக்குள் இறங்கித் துழாவிக்கொண்டிருந்தார், சரசரவென்று மணல் சரிந்துவிட்டது. வெளியே கால் இரண்டும் மட்டும் உதறுகிறது. பிடித்து இழுத்தால் இன்னும் சரிகிறது. என் அலறலைக் கேட்டு ஓடிவந்த பக்கத்து மணல்காட்டு மோஸ்டின், அடுத்தவர் மணல்காட்டில் கேட்காமல் கால் வைக்கக் கூடாதென்று வேலிக்கு வெளியே நின்று, அக்கா உள்ளே வரலாமா என்று கேட்கிறான்! அட மடையா, மனுஷன் செத்துக்கிட்டு இருக்காரு, உனக்கு வேலி முறை கேக்குதா, வந்து தோண்டுடா என்று கத்தினேன். அப்புறம்தான் கால் வைத்தான். சுடுமணலைப் பக்கவாட்டில் தோண்டத் தோண்ட, காலின் உதறல் நின்றுபோயிற்று. என் உயிரும் அப்போதே போய்விட்டது மகளே. வெளியே எடுத்து, வாயில் விரல் விட்டு மணலைத் தோண்டி, முதுகில் குத்தினபிறகுதான் இருமினார். வாய் திறந்ததும் என்ன சொன்னார் தெரியுமா, முட்டை கையில தட்டுப்பட்டுச்சுடி என்றார். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

நெஞ்செல்லாம் வெந்து தோல் உரிந்து கிடக்கிறது, இன்றைக்கும் அந்தக் குழிப் பேச்சுதான். நான் சொன்னால் கேட்கமாட்டார். அதனால் நீ போன் செய்து, லீவு கிடைக்கவில்லை, வரமாட்டேன் என்று சொல்லிவிடு. அழுவார். அழட்டும், வீட்டில் உட்கார்ந்து அழட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு. கிறிஸ்துமஸுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கு.

உன் அம்மா,
ரோடா