கடிதம் இல்லாமல் வந்தவர்கள்

வால்பாறை
6.6.1994

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையில் நலம். ஒரு வாரமாக மழை. உன் மூட்டுவலி எப்படி?

என் சபைப் பாடகர் குழுவில் இருக்கும் டேனியல், இலங்கை அகதி முகாமிலுள்ள யோகமலரை மணக்கப்போகிறான். கோயிலில் திருமண ஓலை வாசித்து ஆட்சேபம் கேட்க, அவள் அங்கத்தினர் என்று அவள் ஊர்ச் சபையின் கடிதம் வேண்டுமாம். அந்தக் கோயில் எரிந்துவிட்டது. போதகர் எங்கே என்றே தெரியவில்லை. பொருளாளர் ரங்கராஜ் அசையமாட்டேன் என்கிறார். "ஏனுங்க ஐயா, கடுதாசி இல்லாமச் சேத்துப்போட்டா நாளைக்குக் கண்டவங்களும் வருவாங்களே!"

குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாளும் எகிப்துக்கு ஓடினார்களே என்றேன். "அவுங்க திரும்பிப் போயிட்டாங்களேங்க!" சபைக் கமிட்டியே சிரித்தது.

பத்தொன்பதாம் தேதி முடிவு. மறுத்தால் அந்தப் பெண் இனி எந்தக் கோயில் படியும் ஏறமாட்டாள். ஒரு வழி சொல்.

தம்பி,
ஆசீர்


கணபதி, கோவை
10.6.1994

ஆசீர்,

வலி அப்படியேதான். கோயிலை விட்டு இருபது வருடமான என்னிடம் பிரசங்கம் கேட்கிறாய். ரங்கராஜ் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது.

எகிப்தை விடு. அந்நியனை நேசி என்று வேதம் சொல்லும்போது, நீங்களும் அந்நியராக இருந்தவர்களே என்று நினைவூட்டுகிறது. இரக்கப்படச் சொன்னால் மனிதன் கணக்குப் பார்ப்பான் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அதில் எனக்கும் சந்தேகமில்லை.

எம்.ஏ. ஆய்வுக்காக உங்கள் சபையின் முதல் பதிவேட்டைப் படித்திருக்கிறேன். அதை எடு. நீ வாசிக்காதே, ரங்கராஜை வாசிக்கச் சொல்.

ஹெப்சிபா


வால்பாறை
20.6.1994

அக்கா,

ஜெயித்தோம்! நேற்று ஆராதனைக்கு முன் கமிட்டி கூடியது.

"விதி அன்னைக்கிருந்தே இருக்குதுங்க, பாருங்க" என்று ரங்கராஜ்தான் பதிவேட்டைத் திறந்தார். 'எந்தச் சபையிலிருந்து' என்ற கட்டத்தில் வரிசையாக ஒரே வாசகம்: பஞ்சத்தில் மலையேறியவர், கடிதம் இல்லை. பெயர்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவர் ஏழாவது பெயரில் நின்றார். அவருடைய தாத்தா.

கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "ஓலையை எங்கிட்டக் குடுங்க, நானே வாசிக்கிறேன்" என்றார். ஆராதனையில் அவரே வாசித்தார். ஆட்சேபம் உண்டா என்று அவர் கேட்டபோது மழைச் சத்தம் மட்டும்தான். அப்புறம் பாடினோமே ஒரு பாட்டு, தகரக் கூரை அதிர்ந்தது! யோகமலர் முதல் பெஞ்சில் அழுதுகொண்டே பாடினாள்.

ஜூலை ஏழு கல்யாணம். வருவாயா?

ஆசீர்


கணபதி
24.6.1994

அன்புள்ள ஆசீர்,

ஆறாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். நாற்பது வளைவுக்கும் மாத்திரை வாங்கியாயிற்று. யோகமலருக்கு ஒரு புடவை எடுத்திருக்கிறேன்.

ரங்கராஜிடம் ஒன்று கேட்டு வை. இருபது வருடமாக நான் எந்தச் சபையிலும் இல்லை. என்னிடமும் கடிதம் கிடையாது. அந்த முதல் பெஞ்சில் எனக்கும் இடம் விடுவாரா?

அக்கா