சித்தியைவிட மூத்தவள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் புது மேனேஜர் அம்மா வந்திருக்கிறார். வந்ததும் எல்லோருடைய பிறந்த வருடத்தையும் கம்ப்யூட்டரில் போட்டுக் கழித்துப் பார்த்து, இந்த மாதத்தோடு அறுபது முடிகிறவர்கள் பெயரைச் சுவரில் ஒட்டிவிட்டார். அதில் என் சித்தி பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. நான் என் பாட்டிக்குத் தலைப்பேத்தி, சித்தி அவளுக்குக் கடைக்குட்டி, என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்பது உனக்கே தெரியும். நீ பாட்டி என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருமே. எங்கள் இருவரையும் ஒரே நாளில்தான் பள்ளியில் சேர்த்தார்கள். தாத்தா வருடத்தைச் சரியாகத்தான் சொன்னார். வாத்தியார்தான், மகளைவிடப் பேத்தி எப்படிங்க மூத்தவளா இருப்பா, பெரியவருக்கு ஞாபகம் பெசகுது என்று அவராகவே மாற்றிப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து காகிதத்தில் அவள் மூத்தவள், நான் இளையவள். இத்தனை நாள் அது எங்களுக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது.

இப்போது வேடிக்கை இல்லை. சித்தப்பா படுத்த படுக்கை, சித்தி சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. உனக்கு அம்பத்தெட்டுதானே, போய்ச் சொல்லேன் சித்தி என்றேன். விரிப்பின் அந்த முனையைப் பிடித்து மடித்துக்கொண்டே, நான் வாயத் தெறந்தா உன் கணக்கும் வெளிய வரும், நாளைக்கே உன்ன அனுப்பிடுவாங்கடி, பேசாம இரு என்றாள். எனக்காக அவள் வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், காலையில் எழுந்து செருப்பை மாட்டும்போதே அழுகை வருகிறது. ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கித் தோள் மரத்துப்போயிற்று. இரண்டு வருடத்தைக் காகிதம் கூட்டிக் கொடுக்கலாம், முழங்கால் கொடுக்க வேண்டுமே. வேலை வேண்டியவளை அனுப்பிவிட்டு, வேண்டாதவளை வைத்து மாரடிக்கிறார்கள்.

அதனால் சித்தியிடம் சொல்லாமல் நானே போய்விட்டேன். தாத்தா அப்போதே பதிந்து வைத்த பிறப்புச் சான்று இருவருக்கும் இருக்கிறதே, அதைக் காட்டினேன். சித்தி எப்படிம்மா உங்களவிடச் சின்னவங்களா இருப்பாங்க என்று மேனேஜர் அம்மாவும் அந்த வாத்தியார் மாதிரியே கேட்டார். தாயும் மகளும் ஒரே சமயத்தில் பிள்ளை பெற்ற காலத்தை அவருக்கு விளக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. மேலே எழுதிக் கேட்டு, சித்தி இருக்கலாம், நான் மாதக் கடைசியில் போகலாம் என்று முடிவாகிவிட்டது. சித்தி என்னோடு பேசவில்லை. விரிப்பை மட்டும் வெடுக் வெடுக்கென்று இழுத்தாள். நேற்றுதான், போடி கிழவி என்று சொல்லிவிட்டு கையிலிருந்த விரிப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதைத் திரும்பவும் சலவைக்குப் போட வேண்டியதாயிற்று.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று வருத்தப்படாதே. கேட்டிருந்தால் பொறுத்துக்கொள் என்பாய், நானும் பொறுத்திருப்பேன். இனி வீட்டில் தனியாக என்ன செய்யப்போகிறேன் என்று யாராவது கேட்டால், முதலில் தூங்கவேண்டும் என்பேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும். ஈரத் தலையோடு படுக்காதே.

இன்னும் ரெண்டே வருஷம்மா, ரிட்டயர் ஆனதும் வந்து கூட்டிட்டுப் போறேன் என்று சொல்லியிருந்தாய். அந்த இரண்டு வருடமும் முடிந்துவிட்டது பாப்பா.

இப்படிக்கு,
அறுபது முடிந்த உன் அம்மா