எந்தக் கப்பலில் வருவது என்று கேட்டாயே

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
ஈசுவர வருடம், ஐப்பசி மாதம்

பிரியமுள்ள வள்ளியாத்தாளுக்கு அம்சவேணி எழுதிக்கொண்டது. எட்டுக்கையம்மன் புண்ணியத்தில் நானும் குழந்தையும் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரர் மாரப்பனும் பினாங்குச் சீமையில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மிளகு வாங்க மலையேறி வரும் சேந்தமங்கலத்து வியாபாரி கொண்டுவந்து கொடுத்தார். அங்கே தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், நாம் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தபோது, அடுப்புக்கரியால் சுவரில் எழுதி எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நீ. அதனால் யார் காலிலும் விழாமல் நானே வாசித்துக்கொண்டேன். நீ முழுகாமல் இருக்கிறாய் என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பிரசவத்துக்கு அடிவாரத்தில் உன் ஆத்தா வீட்டுக்குப் போகச் சொல்கிறார் மாரப்பன் என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கப்பல் நல்லது, கூட வருகிற சனம் எப்படி, பொம்பளை தனியாக வரலாமா என்றும் கேட்டிருக்கிறாய். நான் கண்டதைச் சொல்கிறேன்.

போகும்போது என் வீட்டுக்காரரோடு ஏறியது பெரிய கம்பெனிக் கப்பல். மேலே துரைமார், கீழே திறந்த தளத்தில் நாம். முதலில் ஓடிப்போய்ப் பாயை விரித்தவனுக்கே இடம். பாயைச் சுற்றிக் கயிறு போட்டு எல்லை கட்டிவிடுவார்கள். தாண்டி ஒரு குழந்தையின் கால் பட்டாலும் சண்டைதான். ஊரைக் கேட்பார்கள், சாதியைக் கேட்பார்கள், பிறகு முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். நாங்கள் மலைக்காரர்கள் என்றதும், "தேனு கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். தண்ணீர்க் குழாயில் ஆண்கள் இடித்துக்கொண்டு பிடித்துப் போன பிறகுதான் பெண்களின் செம்பு நிறையும். சாயங்காலமானால் துரைசானிகள் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, கம்பியைப் பிடித்தபடி எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். ஒருத்தி கமலாப் பழங்களை மேலிருந்து உருட்டிவிட்டாள். எங்கள் ஆட்கள் அடித்துப் பிடித்துப் பொறுக்கியதும் கைதட்டினார்கள். அந்தத் துரைமாருக்குள்ளேயும் பேச்சு அவ்வளவாக இல்லை. யாராவது ஒருவர் இன்னார் என்று பெயர் சொல்லி அறிமுகம் செய்துவைத்தால்தான் வாய் திறப்பார்களாம். மேலே வேலை பார்த்த சமையற்காரர் சொன்னார்.

திரும்பும்போது நான் தனியாக ஏறியது சின்னக் கப்பல். கீழக்கரை மரக்காயர் ஒருவருடையது என்றார்கள். பாக்கு மூட்டைக்கும் பிரம்புக் கட்டுக்கும் நடுவில் படுக்கை. ஆட்டம் அதிகம், எங்கும் வாந்தி நாற்றம். ஆனால் அங்கே மனுசருக்கு மனுசர் ஒரு முறைமை வைத்திருந்தார்கள். கப்பலாட்களின் தலைவரான சாரங்கு, வயிற்றுப் பிள்ளைக்காரிகளை ஆட்டம் குறைவான நடு இடத்துக்கு மாற்றினார். ஏற்கெனவே அங்கே படுத்திருந்த ஆண்கள் தாங்களே பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். தண்ணீரும் எங்களுக்குத்தான் முதலில். கப்பலாட்கள் தொழும்போது நாங்கள் பாட்டை நிறுத்திவிடுவோம். நாங்கள் சாமி கும்பிடும்போது அவர்கள் குரலைத் தணிப்பார்கள். நாகூர்க்கார அம்மாள் ஒருத்தி எலுமிச்சை ஊறுகாயும் கஞ்சியும் கொடுத்து, "சாப்புடு புள்ளே, ரெண்டு உசுருக்கு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த வழி முழுக்க நான் அழவே இல்லை. ஆகையால், நல்ல கப்பல் எது என்றால் அந்தச் சின்னக் கப்பல்தான். தனியாகவும் வரலாம்.

கேட்டதைச் சொல்லிவிட்டேன். கேட்காததையும் சொல்ல வேண்டும்.

"பெத்துக்கிட்டு இரு, அடுத்த கப்பல்ல கூப்புட்டுக்கறேன்" என்றுதான் என் வீட்டுக்காரரும் அனுப்பினார். மகன் பிறந்து, இப்போது ஓடித் திரிகிறான். எனக்குப் பிறந்த வீட்டில் யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் அப்பாசாமி வீட்டில் இருக்கிறேன். கடல் தாண்டியவள் என்று எனக்குத் தனிச் சட்டி. சாமைக் காட்டில் களையெடுக்கலாம், மிளகு பறிக்கலாம், சந்தைக்குப் போகக் கூடாது.

ஆடித் திருவிழாவுக்கு எல்லோரும் அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போன அன்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையிறங்கினேன். காதில் கிடந்ததை விற்று நாகப்பட்டினம் போய்விடலாம் என்று எண்ணம். செருப்பில்லாத காலில் முள்ளும் கல்லும் தெரியவில்லை. அடிவாரத்து வயல் கண்ணில் படுகிற இடத்தில் அப்பாசாமி பின்னாலேயே வந்து வழியை மறித்தார். அடிக்கவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்: "அவனே உன்னைய வேண்டாங்கறான், நீ எங்க போறே? போறதுன்னாப் போ. புள்ளைய உட்டுட்டுப் போ. அது எங்க ஊட்டுப் புள்ளை."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்ப மலையேறினேன்.

உன் கடிதத்தில் தோட்டத்துச் சேதி அத்தனையும் இருந்தது. மாரியம்மன் கோயிலுக்குத் தகரம் போட்டது, கங்காணி மகள் சடங்கு, கறுப்புப் பசு கன்று போட்டது. பக்கத்து அறையில் இருக்கிற என் வீட்டுக்காரர் செல்லமுத்துவைப் பற்றி ஒரு வரி இல்லை. என் மனம் நோகும் என்று விட்டிருக்கிறாய். உன்மேல் வருத்தம் இல்லை. அந்த அறையில் அடுப்பு எரிகிறதா என்று மட்டும் எழுது. யார் மூட்டுகிறார்கள் என்று எழுத வேண்டாம்.

கண்ணு வள்ளி, மாரப்பன் நல்லவராகவே இருக்கட்டும். என்னை ஏற்றிவிட்டவரும் துறைமுகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்தான். உனக்கு இங்கே ஆத்தா இருக்கிறாள், சோறு போடுவாள். ஆனால் புருஷன் கூப்பிடாத பெண்ணை ஆத்தாவாலும் கப்பலேற்ற முடியாது. எந்தக் கப்பலிலும் ஏறாதே. தலை சுற்றுகிறது என்று சொல், சகுனம் சரியில்லை என்று சொல், வயிறு பெரிதாகும்வரை எதையாவது சொல்லித் தள்ளிப்போடு. அங்கேயே பெற்றுக்கொள். மருத்துவச்சி பாப்பாயி கைராசிக்காரி.

எட்டுக்கையம்மன் உன் இரண்டு காலையும் அந்த லயத்து வாசலிலேயே கட்டிப்போடட்டும். பிள்ளையும் நீயும் நன்றாக இருங்கள்.

உன் அக்கா,
அம்சவேணி